மை இருந்தால் மட்டும் கைப்பட இட்டதாகிவிடாது

ரசிகர் கடிதத்துக்குப் பதிலாக வரும் புகைப்படத்தில் உண்மையான பேனா மை தெரிந்தால், அது அந்தப் பிரபலமே இட்ட கையெழுத்துதான் என்று ஒரு கருத்து பகிரப்படுகிறது. கையெழுத்து அச்சடித்ததல்ல என்பதை மட்டுமே மை சொல்லும். யார் இட்டது என்பதைச் சொல்லாது.

ஆட்டோபென் என்றொரு இயந்திரம் உண்டு. அதில் சாதாரணப் பேனாவைப் பொருத்தினால், பதிவான கையெழுத்தை அப்படியே எழுதிக்கொண்டே போகும். கென்னடி அமெரிக்க அதிபராக இருந்த காலத்திலேயே இது பயன்பாட்டில் இருந்தது. 2022இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கைப்படக் கையெழுத்திட்டதாக விற்கப்பட்ட அவரது புத்தகப் பிரதிகளிலும் இந்த இயந்திரமே கையெழுத்திட்டிருந்தது. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளின் படங்களை ஒப்பிட்டார்கள், குட்டு உடைந்தது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலனும் வருத்தம் தெரிவித்தார்.

அதையே நீங்களும் செய்யலாம். அதே பிரபலத்திடமிருந்து மற்றவர்கள் பெற்ற கையெழுத்துகளின் படங்களைத் தேடி எடுங்கள். அளவைச் சமமாக்கி ஒன்றின்மேல் ஒன்றை வையுங்கள். மனிதக் கை இருமுறை துல்லியமாக ஒரே மாதிரி எழுதுவதில்லை. வளைவும் நீளமும் இடைவெளியும் இம்மி பிசகாமல் பொருந்தினால், எழுதியது இயந்திரம் என்றே கொள்ளலாம்.

பொருந்தாவிட்டால் உடனே சட்டம் போட்டு மாட்டிவிட வேண்டாம். ஒரே இயந்திரத்தில் பல மாதிரிக் கையெழுத்துகளை ஏற்றி வைப்பதுண்டு; டிலன் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு படத்தோடு நிறுத்தாமல், கிடைக்கும் அத்தனையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.