டம்ளரில் ஐஸ் கரைந்தால் வழியாது, சரி. கடல்?

"டம்ளரில் ஐஸ் போட்டுப் பாருங்கள், கரைந்த பிறகும் தண்ணீர் வழியாது. அப்புறம் எப்படி பனி உருகி மெரினாவுக்குள் கடல் வரும்? புவி வெப்பமாதல் கட்டுக்கதை" என்று ஒரு வீடியோ சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது.

சோதனை சரிதான். முடிவுதான் தப்பு. மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கியிருக்கும். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனிக்கு இது கிட்டத்தட்ட பொருந்தும். ஆனால் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பெரும்பாலான பனி நிலத்தின் மேல் இருக்கிறது. அதே டம்ளரை விளிம்புவரை நிரப்பி, மேலே டீ வடிகட்டியை வைத்து அதில் ஐஸ் கட்டியைப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் மேசை நனைந்துவிடும். கிரீன்லாந்துப் பனி மொத்தமும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும். (நாளைக்கே இல்லை, அதற்குப் பல நூற்றாண்டுகள் பிடிக்கும்.)

வீடியோ தொடாத இன்னொன்று: சூடானால் கடல்நீர் விரியும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்ததில் இதற்கும் பெரிய பங்கு உண்டு. சூட்டுக்கு முக்கியக் காரணம் நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும். இவற்றை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

"மெரினா மணல் குறையவே இல்லையே" என்றும் அந்த வீடியோவில் கேட்கிறார்கள். மெரினா அகன்றதே துறைமுகத்தால்தான். தெற்கிலிருந்து வரும் மணலை அதன் தடுப்புச்சுவர் பிடித்துவைத்தது. துறைமுகத்துக்கு வடக்கே, மணல் கிடைக்காத ராயபுரம் பக்கம் கரை அரிக்க, பாறாங்கற்களைக் கொட்டித்தான் தடுத்தார்கள்.