"என்ன, செவிடா?"

ஒருவரிடம் இரண்டாவது முறை "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால் போதும், இந்தக் கேள்வி வந்து விழும். எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, வலது ரொம்ப மோசம். அதனால் அடிக்கடி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

அந்தச் சொல் மீது எனக்குக் கோபமில்லை. புறநானூற்று 28ஆம் பாட்டிலேயே 'ஊமும் செவிடும்' என்று வருகிற பழைய சொல் அது. காதோரக் கன்னத்துக்கும் அதே பெயர்தான், 'செவிட்டில் ஒண்ணு விட்டான்' என்கிறோமே. என் தகராறு வேறு. செவிடு என்றால் கேட்கவே கேட்காது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நடுவில் ஒன்றுமே இல்லையாம்.

என் காதில் முதலில் போனவை உச்ச அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். அ, ஆ, ஓ எல்லாம் நன்றாக விழும். மெய்யெழுத்துகள்தான் நழுவும். படம், தடம், கடம் மூன்றும் எனக்கு ஒன்றுதான். உதட்டைப் பார்த்தால் 'ப' தெரிந்துவிடும், 'த'வும் 'க'வும் வாய்க்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். போனில் அந்த உதடும் இல்லை. 'சத்தம் கேக்குது, பேச்சு புரியல' என்று நான் சொல்வது இதைத்தான். உடனே கத்துவார்கள். கத்தினால் உயிரெழுத்துதான் பெருகும், மெய் அப்படியே இருக்கும். முகமும் கோணிக்கொள்வதால் உதட்டையும் படிக்க முடியாது.

"திட்டினா மட்டும் நல்லா கேக்குதே!" இதையும் கேட்காத நாளில்லை. திட்டுகிறவர்கள் நேருக்கு நேர் நின்று நாலே வார்த்தையில் திட்டுகிறார்கள், அதனால் கேட்கிறது!

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கேள்' என்றால் காதால் கேட்பதும்தான், சொன்னபடி நடப்பதும்தான். அதனால் காது கேட்காதவன் அடங்காதவன் போலத் தெரிகிறான். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று நாம் திட்டுகிற ஆட்களுக்கெல்லாம் காது பிரமாதமாகக் கேட்கும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்கூட கேட்கும் திறனில் 60 முதல் 70 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) வரை இழந்தவரையும் 70 டெசிபல் இழந்தவரையும் தனித்தனியாகப் பெயரிட்டுப் பிரிக்கிறது. 'செவித்திறன் குறைபாடு' படிவத்துக்குச் சரி, வாயில் வராது. 'காது மந்தம்' கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் மந்தம் என்றதும் அது காதிலிருந்து மூளைக்கு ஏறிவிடுகிறது.

இப்போதெல்லாம் நான் பெயரே சொல்வதில்லை. "இடது பக்கமா வந்து, முகத்தைப் பார்த்துப் பேசுங்க" என்கிறேன். சிலர் வருகிறார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்று இன்னும் சத்தமாகக் கத்துகிறார்கள்.