டிஎன்எஸ்ஸை மாற்றினால் இணைய வேகம் இரட்டிப்பாகுமா?

'ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்று மாற்றுங்கள், டவுன்லோட் வேகம் இரண்டு மடங்காகும்' என்று ஒரு தகவல் சுற்றுகிறது. 8.8.8.8 என்பது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். ஆனால் அந்தத் தகவல் தவறு.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியை, அதாவது அந்தத் தளம் இருக்கும் சர்வரின் எண் முகவரியை, சொல்வதுதான் இங்கே டிஎன்எஸ்ஸின் வேலை. பெரும்பாலும் சில பத்து மில்லிசெகண்டில் அது முடிந்துவிடும். அதன்பின் வரும் வீடியோவோ கோப்போ டிஎன்எஸ் சர்வரைத் தொடுவதே இல்லை. கிடைத்த பதிலும் கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில், இருக்கும். அந்தப் பதிலை எத்தனை வினாடி வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 300 என்றால் ஐந்து நிமிடத்துக்கு மறுபடி கேட்கத் தேவையில்லை.

இருக்கும் டிஎன்எஸ் சர்வர் மந்தமாகவோ பழுதாகவோ இருந்தால் மாற்றுவது உண்மையிலேயே உதவும்: பக்கம் திறக்கத் தொடங்கும் தாமதம் குறையும். கண்டுபிடிப்பது எளிது. 8.8.8.8-க்கு பிங் செய்தால் (அந்த முகவரி பதில் தருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளத்தையும் பெயரால் திறக்க முடியவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அலுவலகக் கணினியில் யோசிக்காமல் மாற்றாதீர்கள். உள் நெட்வொர்க்கில் மட்டுமே இருக்கும் பிரிண்டர், ஃபைல் சர்வர் பெயர்கள் பொது டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. அவை திறக்காமல் போகும்.