ஆமாங்க, நான் நம்பர் வாத்தியார்தான்

ஞாயிற்றுக்கிழமை, கேம் ஆடக் கம்ப்யூட்டர் வாங்கப் போன ஒரு பையனுக்காக நம்ம ஊர்க் கம்ப்யூட்டர் கடையில் நான் குரல் உயர்த்திச் சண்டை போட்டேன்; அதை ஒருவர் வீடியோ எடுத்துவிட, "நம்பர் வாத்தியார்"னு பெயர் வைத்துச் சிரிக்கிறார்கள். நடந்ததை முழுசாக மறுபடி விளக்கப் போவதில்லை. வீடியோ பாதி கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஓசூரில் இருக்கும் என் சகலை வரைக்கும் போன் போட்டு "என்ன சகல, வாத்தியார் ஆயிட்டியாமே"ன்னு சிரிச்சாச்சு. வீடியோவில் இருப்பது நாற்பது விநாடி. அதற்கு முன்னால் கடைக்குள் போன இருபது நிமிஷம் அதில் இல்லை. எடுத்தவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கொட்டேஷனில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் முழு மாடல் நம்பரை எழுதிக் கொடுங்க. விலையைக் குறைக்கச் சொல்லவில்லை, ஓசியில் மவுஸ் பேட் கேட்கவில்லை. நம்பர் மட்டும்.

அந்தக் கொட்டேஷன் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாள். பின்பக்கம் பால்பாயிண்டில் எழுதியது: ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கார்டு, 512 எஸ்எஸ்டி, 450 வாட்ஸ், கேமிங் கேபினட் லைட்டோடு, 38,000. திருப்பினால் ராகு காலம் 4.30 முதல் 6 வரை என்று நிமிஷ சுத்தமாக அச்சடித்திருக்கிறது. ராகு காலத்துக்கு இருக்கும் துல்லியம் பிராசஸருக்கு இல்லை.

எந்த ஐ7ங்க என்று கேட்டேன். "ஐ7 தாங்க. ஐ3 இல்ல, ஐ5 இல்ல, ஐ7." மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் இதே பதில். ஐ7 என்பது கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சிப்புக்கு இன்டெல் கம்பெனி 2008லிருந்து பல தலைமுறையாக வைத்த குடும்பப் பெயர். தாத்தாவும் ஐ7 தான், பேரனும் ஐ7 தான். அப்புறம் பெட்டியை ஆன் பண்ணச் சொல்லி ஸ்கிரீனில் பார்த்தால் ஐ7 2600. அது 2011 சரக்கு, இரண்டாம் தலைமுறை. நான்கு கோர், எட்டு த்ரெட்; அதாவது வேலை செய்யும் கை நான்கு, ஒரே நேரத்தில் பிடிக்கும் வேலை எட்டு. 2022ல் வந்த ஐ3 12100எஃப்பிலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் ஓட்டிப் பார்த்தால் இந்தப் பழைய ஐ7 அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தப் பழைய மதர்போர்டில் மேற்கொண்டு புது சிப் போட மூன்றாம் தலைமுறையோடு கதை முடிந்தது. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது, விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ஏதாவது தகிடுதத்தம் செய்து ஏற்றிவிடலாம்தான். ஆனால் அந்தப் பையன் ஆடணும்னு கனவு காணும் வாலரண்ட் கேம், விண்டோஸ் 11ல் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடும். இத்தனையும் அந்த நான்கு இலக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் நம்பரைக் கேட்டேன்.

நான் பத்திர எழுத்தரிடம் டைப்பிங் வேலை பார்க்கிறவன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். "நீ என்ன எஞ்சினியரா"ன்னு கேட்டவர்களுக்கும் தெரியும். எஞ்சினியர் இல்லைங்க. ஆனால் சர்வே எண், உட்பிரிவு, நாலு பக்க எல்லை சொல்லும் செக்குபந்தி இல்லாமல் ஒரு சென்ட் நிலத்துக்குக் கூட நான் பத்திரம் அடித்ததில்லை. "நல்ல நிலம்தான், எழுதுப்பா"ன்னு யாராவது சொன்னால் நீங்க கையெழுத்துப் போடுவீங்களா? சரி, நிலம் வேண்டாம், மாங்காய் மண்டிக்கே வாங்க. "ஒரு டன் மாங்காய் வேணும்"ன்னு சொல்லிப் பாருங்க, பெங்களூராவா செந்தூராவா அல்போன்சாவான்னு கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூராவை அல்போன்சா விலைக்குக் கொடுத்தால் அங்கேயே சண்டை. மாங்காய்க்குப் பெயர் கேட்டால் விவரமானவன், சிப்புக்கு நம்பர் கேட்டால் வாத்தியார்.

எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் டப்பா, அந்த விஷயம் வீடியோவில் கொஞ்சம் வருகிறது, நான் கையில் தூக்கிப் பிடித்திருப்பேன். எல்லோரும் சிரித்த இடம் அது. தூக்கிப் பார்த்தால் காலி டிபன் பாக்ஸ் கனம். லேபிளில் 450 என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். பெருக்குங்க, 192 வாட். பிராசஸரும், கேம் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட் வழியாகத்தான். நாளைக்கு இதில் ஓர் ஆர்எக்ஸ் 6600 போட்டால் அந்தக் கார்டு மட்டுமே 132 வாட். நம்ம பக்கம் சித்திரை வைகாசி சாயங்காலத்தில் மின்சாரம் எப்படி ஏறி இறங்கும்னு தெரியாதவங்க யாரு? கேபினட்டில் மூன்று ஃபேன் வானவில் காட்டுகிறது, உள்ளே உயிர் ஊசலாடுகிறது. லைட்டுக்குப் போகிற காசில் 80 பிளஸ் பிரான்ஸ் என்கிற திறன் சான்று வாங்கிய எஸ்எம்பிஎஸ் பக்கமாவது நகரலாமேன்னு சொன்னேன். குரல் உயர்ந்தது உண்மை. அது தப்புதான், ஒத்துக்கிறேன். நம்பர் கேட்டது தப்பில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். 2015ல் நான் காலேஜ் முதல் வருஷம். அப்பா மாந்தோப்புக் குத்தகை முன்பணத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். "4 ஜிபி கார்டு சார், எல்லா கேமும் பறக்கும்"ன்னார் அன்றைய கடைக்காரர். இப்போதைய கடை இல்லை, அது வேற, மூடியும் வருஷமாச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஜிடி 730, டிடிஆர்3 மெமரி. அந்த ஒரே பெயரில் மூன்று விதக் கார்டு வந்ததும், எனக்குக் கிடைத்த மெமரி மெதுவான ரகம் என்பதும் ரொம்பப் பின்னாடிதான் தெரிந்தது. 4 ஜிபி என்பது பெரிய அண்டா. குழாய்தான் ஊசி முனை. ரேஸ் ஆரம்பித்தால் கார் ஒவ்வொரு போட்டோவாக நகரும். அப்பா தோளில் துண்டோடு வாசற்படியில் நின்று "நல்லா ஓடுதாடா?"ன்னு கேட்பார். "ஓடுதுப்பா." இரண்டு வருஷம் இதையே சொன்னேன். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் "இவனுக்கு அப்பவே 4 ஜிபி போட்டுக் குடுத்தேன்" என்பார். நான் உள்ளே எழுந்து போய்விடுவேன்.

இப்போ அந்தப் பையனுக்கு வருவோம். அவன் பணத்தில் பாதி அவங்க அம்மா எடுத்த சீட்டு. மீதி, சீசனில் மண்டியில் பெட்டி அடுக்கிச் சம்பாதித்தது. "கேம் ஆடவா 38,000? படிக்கிற வயசுல"ன்னு சிலர் கேட்டிருக்காங்க. அந்தக் கேள்வியை அவங்க அம்மா கேட்கலாம். நீங்க யாரு?

கடைக்காரர் பிழைப்பில் மண் போடுகிறேனாம். இதுதான் எனக்கு உறைத்தது. கடை வாடகை, 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆன்லைன் விலையோடு மல்லுக்கட்டு எல்லாம் எனக்கும் தெரியும். 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் போய் ரேம் விலை ஏறியதும் தெரியும். அதைச் சொல்லி ரெண்டாயிரம் கூடக் கேட்டிருந்தால் பேசாமல் கொடுத்திருப்போம். நம்ம ஊர்க் கடையில் வாங்கினால் ரிப்பேருக்கு டிவிஎஸ் 50ல் வைத்துக் கொண்டுபோகலாம், அதற்கு விலை உண்டு. பழசு விற்பதும் பாவம் இல்லை. ஆபீசில் கழித்த எட்டாம் தலைமுறை ஐ5 பெட்டியை நானே மூன்று பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பெட்டியில் இடம் இருந்தால் தனி வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 கார்டு மாடல் ஒன்றைச் செருகினால் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. ஆனால் பழசை பழசுன்னு சொல்லி, நம்பர் எழுதி விற்கணும். நம்பர் எழுத எவ்வளவு மை செலவாகும்?

ஒரு எழுத்துக்குக் கூட அர்த்தம் இருக்கிற தொழில்ங்க இது. ஏஎம்டி கம்பெனி பிராசஸரில் ரைசன் 5 5600 வேற, 5600ஜி வேற. ஜி போட்டதில் உள்ளேயே டிஸ்ப்ளே உண்டு, ஆனால் கேஷ் என்கிற, சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி பாதி, 16 எம்பி. கார்டு வாங்கக் காசு இல்லாதவனுக்கு ஜி தெய்வம், கார்டு வாங்கப் போகிறவனுக்கு ஜி இல்லாதது மேல். ஐ3ல் எஃப் போட்டது கார்டு இல்லாமல் படமே காட்டாது. கிராபிக்ஸ் கார்டில் ஆர்டிஎக்ஸ் 3050ல் 8 ஜிபியும் இருக்கு, 2024ல் வந்த 6 ஜிபியும் இருக்கு. மெமரி மட்டும் குறைச்சல்னு நினைக்காதீங்க, உள்ளே கோரும் குறைச்சல். கம்பெனியே இப்படிப் பெயர் வைத்தால் காலண்டர் தாளில் "கார்டு"ன்னு மட்டும் எழுதினால் நான் எதைன்னு நினைக்கட்டும்?

"அவ்வளவு விவரம்னா பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கிக்கோ." கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த தெரு அது. கடைக்காரரும் சொன்னார், அவருக்காக வரிந்துகட்டி வந்தவர்களும் சொல்கிறார்கள். போகலாம், சுமார் 90 கிலோமீட்டர், விடிகாலை பஸ் பிடித்தால் கடை திறக்கும்போது நிற்கலாம். ஆனால் ஏன் போகணும்? அங்கே இருப்பவனுக்கு மட்டும் நம்பரோடு பில், நமக்குக் காலண்டர் தாளா? அவன் கழித்ததைக் கொண்டுவந்து லைட் போட்டு நமக்கு வைத்தால், "நம்ம ஊருக்கு இது போதும்"னு யாரோ தீர்மானித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? அதைவிட வலிப்பது, அதற்கு நம்ம ஆட்களே கைதட்டியது. வீடியோவில் முதலில் கேட்கிற சிரிப்பு என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுடையது. பெயர் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும். அவன் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் உட்பிரிவு எண் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தித் தந்தது இந்த வாத்தியார்தான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை அவனுக்கு.

பையன் என்ன செய்தான் என்று கேட்காதவர்களே இல்லை. நான் வெளியே வந்த பிறகு அவனுடைய தாய்மாமன் காசைக் கட்டி அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாலு பேர் முன்னாடி நான் கத்தியது அவருக்கு அவமானமாகிவிட்டது. பையன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அவனிடமிருந்து வாட்ஸ்அப். "ணா, மாமாவுக்குத் தெரிய வேணாம். மூடியக் கழட்டிட்டேன்." கூடவே கிராபிக்ஸ் கார்டு ஸ்டிக்கரின் போட்டோ. ஃபிளாஷ் அடித்து எழுத்தெல்லாம் வெளுத்துக் கிடந்தது. நம்பர் தெரியலடா தம்பி, லைட்டை அணைச்சுட்டுக் கிட்ட வச்சு எடுன்னு போட்டிருக்கிறேன்.