மேளக்குச்சி, 500 கிராம்

ஆடி அமாவாசையன்று காலை பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் கோழிக்கால்களைக் கொண்டுவந்து இறக்கிய அந்தக் கடையை எந்தச் சொல்லால் வாழ்த்துவது என்று நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் ஆறு கால்கள். வெள்ளைத் தட்டொன்றில், மெல்லிய பிளாஸ்ரிக் உறைக்குள், காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைப்போல ஒரே சீராக அடுக்கப்பட்டிருந்தன.

அப்பாவுக்கான விரதம். நான் கீரிமலையில் முழுகிவிட்டு வந்து வேட்டியின் ஈரம்கூடக் காயவில்லை. அடுப்பில் காத்தோட்டிக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. முருங்கைக்காய் வந்ததும் வெட்டிப் போடுவதற்காக அம்மா தேங்காய்ப்பாலைப் பிழிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். வந்த பொதியைத் தூரத்தில் நின்று பார்த்தவர், "தம்பி, இதென்னடா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு முருங்கை சோளகக் காற்றில் முறிந்து விழுந்திருக்காவிட்டால் நான் ஏன் கைப்பேசியில் காய் தேடப்போகிறேன்? முதல்நாள் இரவு அந்தக் கடையின் செயலியைத் திறந்தேன். தமிழ்ப் பக்கம் இருந்தது, தமிழ்தான் இல்லை. "மேளக்குச்சி, 500 கிராம்" என்று ஒரு வரி, படமும் கிடையாது. மேளம் அடிக்கிறவர் எவரும் குச்சியை நிறுத்து வாங்குவதில்லை என்பதால் கொஞ்சம் யோசித்தேன். யாரோ ஒரு மகான் 'ட்ரம்ஸ்ரிக்' என்ற ஆங்கிலச் சொல்லை இயந்திரத்துக்குள் போட்டு எடுத்திருக்கிறார், ஆகவே இது முருங்கைக்காய்தான் என்று கண்டுபிடித்து, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். அந்தக் கெட்டித்தனத்தின் கூலிதான் ஆறு கால்கள்.

மேளம் அடிக்கும் குச்சிக்கு வைத்த பெயரையே சமைத்த கோழியின் கீழ்க்காலுக்கும் 18ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவருவது ஆங்கிலேயரின் சொந்த விவகாரம். அவர்களுடைய கோழி, அவர்களுடைய மேளம். முருங்கைக்காயையும் ஏன் அந்தக் கூட்டத்தில் சேர்த்தார்கள்? எங்கள் பக்கத்து வேலிகளில் பூவரசும் முருங்கையும் அருகருகே நிற்கின்றன. தவில் அடிக்கும் கழியைப் பூவரசில் செய்கிறார்கள், முருங்கையைக் கறிக்குப் பறிக்கிறார்கள். அளவெட்டித் தட்சிணாமூர்த்தியின் தவிலை விடிய விடிய இருந்து கேட்ட என் அப்பாவுக்கோ அவருடைய தலைமுறையில் வேறு எவருக்குமோ இந்த இரண்டும் ஒரு நாளும் குழம்பியதில்லை. முருங்கைக்காயால் தவிலில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். இரண்டாவது தட்டுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

கடையின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். இருபது நிமிடம் எனக்குச் சங்கீதம் போட்டுக் காட்டினார்கள். அதில் மேளமும் இருந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். பிறகு ஒரு தம்பி வந்தார்.

"சேர், நீங்கள் கேட்டது மேளக்குச்சிதானே? அதுதானே வந்திருக்கு?"

"தம்பி, எனக்கு வேண்டியது முருங்கைக்காய்."

"அது மரக்கறிப் பகுதியில் இருக்கு சேர். மொரிங்கா என்று அடிச்சுப் பாருங்கோ."

மொரிங்கா! எங்கள் முருங்கையைத்தான் தாவரவியலாளர் கொண்டுபோய், லத்தீன் உடுப்பு மாட்டி, 'மொரிங்கா' என்று பெயரிட்டார்கள். அது உலகத்தைச் சுற்றிவிட்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவந்து, என்னை யாரென்று தெரியாததுபோல நிற்கிறது. சிங்களத்திலும் அது முருங்காதான். இந்த நாட்டின் இரண்டு மொழிகளும் எப்போதாவது ஒத்துப்போகின்ற சொற்களில் அதுவும் ஒன்று; அந்த ஒற்றுமை பொறுக்காமல் இடையில் ஒரு மேளக்குச்சியைச் செருகியிருக்கிறார்கள்.

காசைத் திருப்பிக் கேட்கலாம் என்றால், படிவத்தில் மூன்றே காரணங்கள்: உடைந்துள்ளது, அளவு பொருந்தவில்லை, நிறம் பிடிக்கவில்லை. விரதநாளில் கோழிக்காலின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பதிலாக, "உங்கள் மேளக்குச்சிக்கு எத்தனை நட்சத்திரம் வழங்குவீர்கள்?" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது.

இதற்கிடையில் அந்தத் தட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க அம்மா விடவில்லை. கிணற்றுக்கட்டில் வைத்தேன். பனி உருகி, இளஞ்சிவப்பு நீர் சீமெந்தில் கோடாக வழிந்தது. பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் குந்தியிருந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. முருங்கைக்காய் இல்லாமலே படையல் முடிந்தது. வாழையிலையில் வெறுமையாகக் கிடந்த அந்த ஓர் இடத்தைப் பார்த்த அம்மா, பிறகு கிணற்றடியைப் பார்த்தார். அவரையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொப்பருக்கு அதுவும் நல்ல விருப்பம்தான். ஆனா இண்டைக்கில்லை."