கத்திக் கத்தித் தானா அடங்கட்டும்னு விடாதீங்க

நாய்க்குட்டி வந்த வீட்டுக்கு முதல் ராத்திரி கிடைக்கும் ஆலோசனை ஒன்றே ஒன்றுதான். "கண்டுக்காதீங்க. ரெண்டு நாள் கத்தும், அப்புறம் தானா அடங்கிடும்." சொல்பவர் நாலைந்து நாய் வளர்த்தவராகவும் இருப்பார். அவரை நம்பிக் குட்டியை மாடிப்படிக்கு அடியிலோ போர்ட்டிகோவிலோ கட்டிப்போட்டு, கதவைச் சாத்தி, ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு எல்லோரும் படுக்கப் போய்விடுகிறார்கள்.

இந்த ஆலோசனை மீது எனக்கு ரொம்ப நாளாகக் கடுப்பு. அடங்கிவிடும் என்பதில் பொய்யில்லை. கூப்பிட்டுப் பார்த்து யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தால் எந்த உயிரும் ஒரு கட்டத்தில் அடங்கத்தான் செய்யும். அதைப் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் குட்டி அதுவரை எப்படித் தூங்கியது என்று பாருங்கள். நாய்க்குட்டி பிறக்கும்போது கண்ணும் திறந்திருக்காது, காதும் கேட்காது. கண் திறக்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முதல் சில வாரங்களுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. ஆகவே கூடப்பிறந்ததுகளோடு ஒன்றின் மேல் ஒன்றாக, தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். ஓடியாடத் தொடங்கிய பிறகும் தூக்கம் அந்தக் குவியலுக்குள்தான். நேற்று ராத்திரி வரைக்கும் தனியாகப் படுத்ததே கிடையாது. நாம் என்ன செய்கிறோம்? சாயங்காலம் ஒரு கட்டைப்பையில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டு வருகிறோம். பத்து மணி வரை வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கை மாற்றிக் கை தூக்கிக் கொஞ்சுகிறார்கள். "வெளியில இருந்து வந்தது" என்று சோப்புப் போட்டு ஒரு குளியல் வேறு. அப்புறம் ஈரம் காய்வதற்குள் இருட்டில், சில்லென்ற டைல்ஸ் தரையில் விட்டுவிட்டு, "ரொம்ப அடம் பிடிக்குது" என்று அதன் மேல் பழி.

அடம் இல்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் யாக் பாங்க்செப்பும் கூட்டாளிகளும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு அது. தனியே விடப்பட்டுக் கத்தும் குட்டிகளுக்கு மிகக் குறைந்த அளவில் மார்ஃபின் கொடுத்தபோது கத்தல் வெகுவாகக் குறைந்துவிட்டது. மார்ஃபின் என்பது வலிக்குக் கொடுக்கிற மருந்து. அடத்துக்கு மார்ஃபின் கேட்குமா? அதே பல்கலைக்கழகத்தில் ஜான் பால் ஸ்காட் குழுவினர், தனியே இருக்கும் குட்டிக்கு எதைக் கொடுத்தால் கத்தல் குறைகிறது என்றும் பார்த்தார்கள். சாப்பாடு பெரிதாக உதவவில்லை. ஆள் பக்கத்தில் இருந்ததுதான் நன்றாக வேலை செய்தது. கத்தும்போதெல்லாம் பிஸ்கட் போடுகிறவர்கள் கவனிக்க.

"எங்க ஊர்ல நாய் வெளியிலதான் கிடந்துச்சு, எவன் பக்கத்துல போய்ப் படுத்தான்?" என்பார்கள். சரிதான். ஆனால் ஊரில் வைக்கோல்போருக்கு அடியில் கிடந்த குட்டிக்குத் தாய் அங்கேயே இருந்தது, ஐந்தாறு உடன்பிறப்புகளும் இருந்தன. தாயைப் பிரிந்து, தெரியாத வீட்டில், கழுத்தில் கயிறோடு அது படுக்கவில்லை.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: முதல் ஒரு வாரமாவது நீங்கள் படுக்கும் இடத்தில், கை எட்டும் தூரத்தில் குட்டி படுக்கட்டும். கட்டில் மேல் வேண்டாம். விழுந்தால் கால் எலும்பு முறியும். தூக்கத்தில் நாம் புரண்டால் அதற்கு ஆபத்து. மெத்தையும் நாறிப்போகும். மளிகைக் கடையில் கேட்டால் பெரிய அட்டைப்பெட்டி கொடுப்பார்கள். பக்கம் கொஞ்சம் உயரமாக இருந்தால் போதும். உள்ளே பழைய கைலியோ காட்டன் சேலையோ மடித்துப் போடுங்கள். தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு கிடைத்தால் அதையும் வையுங்கள், துவைக்காமல். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கூண்டும் பஞ்சுமெத்தையும் வாங்குவதெல்லாம் நம் சந்தோஷத்துக்கு. அந்த மெத்தையை எப்படியும் கடித்துக் குதறத்தான் போகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் சார்ஜர் ஒயர் தொங்கவிடாதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டுக்கு வெள்ளை ராஜபாளையம் குட்டி வந்தது. "தம்பி, ஒரு எட்டு வந்து பாரேன், தொண்டை கிழியக் கத்துது" என்று ராத்திரி போன். பெட்டி, துணி எல்லாம் சரியாகவே வைத்திருந்தார்கள். சத்தம் கேட்டால் பயம் போகும் என்று பக்கத்தில் ரேடியோகூட ஓடிக்கொண்டிருந்தது. குட்டிக்குப் பின்னால் கையைத் தட்டினேன், காது அசையவில்லை. எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன், திரும்பவே இல்லை. ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு, இனத்தை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பாவம், நாம் பேசுகிற ஆறுதல் எதுவும் அதற்குப் போய்ச் சேரவில்லை. அக்காவைப் பெட்டியை ஒட்டிப் பாய் விரித்துப் படுக்கச் சொல்லி, கையை உள்ளே விடச் சொன்னேன். குட்டி முதலில் விரலை மோந்தது, பிறகு முழங்கை வரை நக்கியது, இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளங்கையில் தாடையை வைத்தது. தூங்கிய பிறகும் அக்கா கையை எடுக்கத் துணியவில்லை. "மரத்துப்போச்சுடா" என்று கிசுகிசுத்தார். காது கேட்காத குட்டி சத்தமாகப் பேசினாலும் எழாது என்று தெரிந்தும் கிசுகிசுப்பு!

கூடப் படுத்தாலும் நடுராத்திரி ஒன்றிரண்டு தடவை எழத்தான் வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் மூத்திரத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்குவது கஷ்டம். லேசாக முனகிவிட்டு அடங்கினால் கையை மட்டும் உள்ளே விட்டால் போதும். தூங்கிக்கொண்டிருந்தது திடீரென்று எழுந்து பெட்டியைப் பிறாண்டிச் சுற்றினால் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தினமும் ஒரே இடத்துக்கு, பெரிய லைட் போடாமல், கொஞ்சாமல், விளையாடாமல். போய் முடித்ததும் முதுகில் ஒரு தட்டு, நேரே பெட்டி. அந்த நேரத்தில் போய்க் கொஞ்சினால் ரெண்டு மணி என்பது விளையாட்டு நேரம் என்று அது முடிவு செய்துவிடும், பிறகு நீங்கள்தான் அவஸ்தைப்பட வேண்டும். போர்ட்டிகோவோ பால்கனியோ போதும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருநாய் நடமாடும் இடத்தில் இறக்கவே இறக்காதீர்கள்.

பால் விஷயம் இன்னொன்று. அழுகிறதே என்று படுக்கும் முன் ஒரு கிண்ணம் பசும்பால். பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காது, வயிறு கலக்கி விடிய விடியக் கழியும். வந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே சில நாள் கொடுத்து, மெதுவாக மாற்றுங்கள். கடைசிச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முடியட்டும். ஆனால் வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தப்பேதி, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் சுருண்டு கிடப்பது என்று ஏதாவது தெரிந்தால் அது பாலோ ஏக்கமோ இல்லை, பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தடுப்பூசி போடாத குட்டியைப் பார்வோ இரண்டு மூன்று நாளில்கூட முடித்துவிடும்.

"இப்பப் பக்கத்துல படுக்க வச்சா அப்புறம் காலத்துக்கும் நகராது" என்று மிரட்டுவார்கள். நகரும். ராத்திரி முழுக்கத் தூங்கப் பழகியதும் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். கட்டிலிலிருந்து ஒரு முழம், பிறகு கதவோரம், பிறகு ஹால். சிணுங்கினால் ஒரு படி பின்னால் வாருங்கள், அவசரமில்லை. பயந்து பயந்து அடங்கின நாய்கள்தான் பெரிசான பிறகும் நாம் கேட்டைத் தாண்டியதும் கதவைப் பிறாண்டுகின்றன என்பது நான் பார்த்தவரை எனக்குத் தோன்றுவது. மறுப்பவர்கள் கமெண்ட்டில் வாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அடுத்த பிரச்சினை. "படுக்கிற ரூமுக்குள்ள நாயா? அதுவும் சாமி படம் இருக்கிற ரூமுல?" அத்தையோடு இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். குட்டி ரூமுக்கு வர முடியாவிட்டால் நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுங்கள். ஒரு வாரம் தரையில் படுத்தால் முதுகுக்கும் நல்லது என்று அவரே சொல்வார். அபார்ட்மெண்ட் என்றால் எதிர்வீட்டிலும் கீழ்வீட்டிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வாட்ஸப் குரூப்பில் முதல் புகார் விழுந்த பிறகு சொன்னால் எடுபடாது.

இன்னும் குட்டி வாங்கவில்லை, அடுத்த வாரம்தான் என்பவர்களுக்கு: சாயங்காலம் போகாதீர்கள், லீவு நாளாகப் பார்த்துக் காலையிலேயே போய் எடுத்து வாருங்கள். வீட்டு வாசனையும் உங்கள் வாசனையும் பழக அதற்கு ஒரு பகல் கிடைக்கும். பிறந்த தேதி கேளுங்கள். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. "முப்பது நாள் ஆச்சு சார், நல்லாச் சாப்பிடுது" என்று நீட்டினால் முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு, மிச்ச நாளைத் தாயோடு இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லையா, வேறு இடம் பாருங்கள்.