மொட்டைக் கழுத்து தாய் தகப்பனில் ஒரு பக்கம் இருந்தாலே போதும்
கழுத்தில் இறகில்லாமல் தோல் தெரிகிற மொட்டைக் கழுத்துக் கோழியை ஊர்க்கோழியோடு கலக்கவிட்டால் அந்தக் குணம் மறைந்துவிடும் என்று இந்தக் கோழியைப் பற்றிய கட்டுரையில் இருப்பது சரியில்லை. அது ஆட்சியான பரம்பரையலகு (ஜீன்), தாய் தகப்பனில் ஒன்றிடம் இருந்தாலே குஞ்சுக்கு வரலாம். சேவல் வாங்கும்போது கழுத்தின் முன்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன இறகுக் கொத்து தொங்கினால் அது கலப்பு, அதாவது அந்தக் குணம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது, சாதாரண பேட்டோடு விட்டால் ஏறக்குறைய பாதிக் குஞ்சுதான் மொட்டைக் கழுத்தாக வரும். கொத்தே இல்லாமல் சிவப்புத் தோல் மட்டும் தெரிகிற சேவல் என்றால் பெரும்பாலும் எல்லாக் குஞ்சுக்கும் வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் எங்கள் கொடிகாமத்து வளவில் அப்படி ஒரு சேவலை வைத்துத்தான் பெருக்கினோம், பேடுகள் எல்லாம் ஊர்க்கோழிகள். அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் மேலே ஒரு தம்பி, சோடி இரண்டும் மொட்டைக் கழுத்தாக இருந்தும் இறகுக் கழுத்துக் குஞ்சு பொரித்ததால் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். ஏமாற்று இல்லை தம்பி, உங்கள் சோடி இரண்டும் கொத்துள்ளவையாக இருந்திருக்கும், அப்போது நாலில் ஒன்று அப்படி வரும். பொரித்த அன்றே கழுத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். இறகுக் குஞ்சை இனத்துக்கு வைக்காதீர்கள், அதனிடம் அந்தக் குணம் இல்லை. உடம்பிலும் இறகு குறைவென்பதால் எங்கள் வைகாசி வெயிலை இவை நன்றாகத் தாங்கும். ஆனால் கார்த்திகை, மார்கழி மழைக்குக் குஞ்சு விறைத்துப்போகும், அந்தக் காலத்தில் பொரிக்கிற மாதிரி அடை வைக்காதீர்கள். வைத்துவிட்டால் கூட்டுக்குள் ஒரு குமிழ் விளக்காவது போடுங்கள்.